உட்கார்ந்து அடிக்கிறவன்

நல்ல ரோக் டிரம்மர் என்பவன் யார் என்று நாங்கள் மூன்று பேர் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் விடாமல் பேசியிருக்கிறோம். மலாக்காவில் புக்கிட் பெருவாங்கில், தமிழ் முஸ்லிம் குடும்பம் நடத்தும் ஒரு மாமாக் கடை, ரொட்டிக் கல்லை ஒட்டிய மேசை, காலை பத்து மணிக்கு மேல். பக்கத்து மேசைக்காரர்களுக்கு அது வேலை வெட்டி இல்லாதவர்களின் பேச்சாகத்தான் கேட்டிருக்கும். எனக்கு அப்படியில்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் எங்கள் இசைக்குழுவின் டிரம்ஸுக்குப் பின்னால் நான் உட்காருவேனா, வேறொருவன் உட்காருவானா என்பது முடிவாக வேண்டியிருந்தது.

கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் சிம்பாங் அம்பாட்காரன். என்னோடு போலிடெக்னிக்கில் படித்தவன், இப்போது ஒரே வாடகை வீட்டில் என் பக்கத்து அறையில் இருக்கிறான். பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் அந்த மாமாக் கடைக்காரரின் மகன். கல்லுக்கு முன்னால் நின்று ரொட்டி சானாய் போடுகிறவர்தான் அவன் அத்தா என்று கூப்பிடும் அவனுடைய அப்பா. நான் செலண்டார் பக்கம் பனை எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா குலை வெட்டுகிறார். அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார், அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனது என் பரிசளிப்பு விழாவுக்குத்தான். வீட்டுக்கு வரும் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, தோட்ட அலுவலகத்து விண்ணப்பப் பாரம் எல்லாவற்றையும் பன்னிரண்டு வயதிலிருந்து நான்தான் உரக்கப் படித்து, அர்த்தம் சொல்லி, நிரப்பிக் கொடுத்து வந்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, இசைக்குழுவிலும் பாரம் நிரப்புவது என் தலையில்தான் விழுந்தது.

அப்படி ஒரு பாரம் வந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்தது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அலோர் காஜாவில் ஒரு மண்டபத்தில் மாலை நிகழ்ச்சி. எங்களுக்கு மூன்று பாட்டு பாட இடம் கொடுத்திருந்தார்கள். கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கரகரக்க வாசித்ததை விட்டால், அதுதான் எங்களுக்கு முதல் மேடை. யார் பெயர், என்ன வாத்தியம் என்று பாரத்தில் கட்டங்கள் இருந்தன. முதல் இரண்டு கட்டங்களையும் எழுதிவிட்டு மூன்றாவதுக்கு வந்தேன். அப்போது கிட்டார்காரன் மெதுவாகச் சொன்னான்.

"அந்த டிரம்ஸ் கட்டத்த மட்டும் இப்ப எழுதாத மச்சான்."

அவனுடைய சித்தி மகன் வேலை மாற்றலாகிக் கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு வந்திருந்தான். முறையாக டிரம்ஸ் கற்றவன், தேர்வெல்லாம் எழுதி நிலை நிலையாக ஏறியவன், இரண்டு காலுக்கும் இரண்டு பெடல் வைத்து மழை மாதிரி அடிப்பவன். நல்ல பையனும்கூட. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னைப் பார்த்தவுடன் "ப்ரோ, நீங்க கோயில்ல உறுமி அடிக்கிற வீடியோ பாத்திருக்கேன், செம" என்றான். வெறுப்பதற்கு அவன் எந்த இடமும் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா பார்த்த மேளமெல்லாம் கோயிலில் தோளில் மாட்டி நின்றுகொண்டு அடிப்பதுதான். அவர் கேட்டார்: "நீங்க உக்காந்துகிட்டுதானய்யா அடிப்பீங்க? உக்காந்து அடிக்கிறதுக்கா இவ்ளோ சண்டை?"

சாப்பிட்டீங்களாப்பா என்று பேச்சை மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கிட்டார்காரனின் கட்சி தெளிவாக இருந்தது. டிரம்மர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் கூட்டத்தின் கண் அவன்மேல்தான் இருக்க வேண்டும். வேகம், பலம், கையும் காலும் நான்கு தனித்தனி ஆட்களைப் போல ஓடுவது, இவைதான் டிரம்மர். கைப்பேசியில் வீடியோ வீடியோவாகக் காட்டுவான். ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் வியர்வை தெறிக்கத் தெறிக்கத் தனியாக அடித்துத் தள்ளினார். பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருந்தது.

பேஸ்காரன் தே தாரிக் டீயை உறிஞ்சியபடி முழுவதும் பார்த்தான். "சரி, இவர் தனியா அடிச்சப்ப மத்த நாலு பேரு என்னா பண்ணாங்க?"

"பின்னால போயித் தண்ணி குடிச்சாங்க."

"அப்ப அது பேண்ட் இல்லலா. தண்ணிப் பந்தல்."

அவனுடைய கட்சி வேறு. அவனுக்கு டிரம்மர் என்றால் வலது கால் மட்டும்தான். மேடையில் வேறு எதையும் பார்ப்பதில்லை, பெரிய டிரம்மின் மேல் அந்தக் கால் விழும்போது தன் விரல் கம்பியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பான். கால் நம்பத் தகுந்ததாக இருந்தால், கை என்ன வித்தை காட்டினாலும் காட்டட்டும். கல்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனுடைய அத்தாவும் ஒரு கட்சி வைத்திருந்தார். தன் கடை மேசையைத் தட்டாமல் பேசுகிறவன்தான் நல்ல டிரம்மர் என்று அவர் சொன்னதும் நாங்கள் மூவருமே கையை மடியில் வைத்துக்கொண்டோம்.

எனக்குப் பேச்சில் ஜெயிக்க வராது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, உட்கார்ந்து படிப்பது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எங்கள் மூன்று பேருக்கும் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் டிரம்ஸ் மட்டும் காதில் விழும்படி பத்து முறை கேட்டு, 'இதில் இவர் என்ன செய்கிறார்' என்று பக்கத்தில் குறித்தேன். வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலும் அதே வேலை. கிட்டார்காரன் எட்டிப் பார்த்து, என்ன, டிரம்ஸில் எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிறாயா என்று கிண்டல் செய்தான். செய்தால் செய்யட்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டதில்லை. நான் அப்படிக் கற்றுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அந்த நோட்டில் ஒரு விஷயம் எனக்குப் புலப்பட்டது. எங்களுக்கு ரொம்பப் பிடித்த இடங்களில் பெரும்பாலும் டிரம்மர் ஏதோ செய்யாமல் இருந்தார். எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில் ஒரு அடியை விட்டிருந்தார். அல்லது பாடுகிறவர் மூச்செடுக்கும் வரை சிம்பல் தட்டைத் தொடாமல் காத்திருந்தார். அடுத்த ஞாயிறு அதைப் படித்துக் காட்டினேன். அடிக்காததற்கா டிரம்மர் வைப்பார்கள் என்று கிட்டார்காரன் சிரித்தான். பேஸ்காரன் சிரிக்கவில்லை, நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தான்.

பேசிக்கொண்டே இருந்தால் சித்திரை வந்துவிடும் என்று, ஒரு சோதனையை நானே முன்வைத்தேன். ஒரே பாட்டை ஒரே ஸ்டூடியோவில் சித்தி மகனும் நானும் தனித்தனியாக வாசிப்பது. இரண்டையும் பதிவு செய்து, எது யாருடையது என்று சொல்லாமல் கடையில் போட்டுக் காட்டுவது. தீர்ப்பு ரொட்டி போடும் அத்தாவுடையது, அவருக்கு எங்கள் இருவரில் யாரிடமும் தனிப் பிரியம் கிடையாது. எந்த வரிசையில் போடுவது என்பது பேஸ்காரனுக்கு மட்டும்தான் தெரியும். நியாயமான முறை என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நாங்கள் சொந்தமாக எழுதிய பாட்டில் கடைசிச் சரணம் நன்றாக ஏறுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

ஞாயிறு பதினொரு மணி, கூட்டம் குறைந்த நேரம். அத்தா மாவு உருண்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டி வீசிக்கொண்டிருந்தார். முதல் பதிவு ஒலித்தது. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு விரிந்தது. எவ்வளவு திடமாக இருக்கிறது, நாம் இவ்வளவு முன்னேறிவிட்டோமா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஒலித்தபோது, பரவாயில்லை, அவனும் உணர்ச்சியாகத்தான் அடிக்கிறான், ஆனால் கொஞ்சம் பதற்றம் என்று மனதுக்குள் மதிப்பெண் குறைத்தேன். கடைசிச் சரணத்தில் அத்தாவின் கையிலிருந்த ரொட்டி காற்றில் விரிந்து நடுவே கிழிந்தது.

அவர் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "மொதல்ல போட்டதுல கை அது பாட்டுக்குப் போச்சு. ரெண்டாவதுல பாதிக்கு மேல என்னைய வெரட்டுறான்பா. கடன்காரன் பின்னாலயே வர்ற மாதிரி."

முதலாவது யாருடையது என்று கிட்டார்காரன் கேட்டான். பேஸ்காரன் என்னைப் பார்க்காமல், சித்தி மகனுடையது என்றான்.

சோதனையில் தோற்றதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் வாசித்ததையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் மனதில் நான் வாசித்ததாக நினைத்துக்கொண்டிருந்த வாசிப்பை இன்னொருவன் வாசித்திருந்தான். கிட்டார்காரன் கேலி செய்யவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பாரம் போக வேண்டும், மாசி மகம் முடிந்ததும் எழுதிவிடலாம் என்று மட்டும் சொன்னான். யார் பெயரை என்று சொல்லவில்லை.

அந்தப் பதிவைத் தாளம் அளக்கும் மெட்ரோனோம் செயலியோடு வைத்துக் கேட்டேன். முதல் இரண்டு சரணம் சரியாக இருந்தது. கடைசியில் கிட்டார்காரன் குரலை உயர்த்தியவுடன் நான் ஓட ஆரம்பித்திருந்தேன். வீட்டில் தலையணையை வைத்து, காதில் டிக் டிக் சத்தத்தோடு பழகினேன். தனியாக வாசித்தால் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அவன் கிட்டாரோடு வந்து எதிரே நின்று பாடினால் மறுபடி ஓட்டம்.

ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் முதலில் தூக்கிய மேளம் உறுமி. இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் படித்த பதினான்கு வயதிலிருந்து எங்கள் தோட்டத்து உறுமிக் குழுவில் இருக்கிறேன், இப்போது முன்னால் நின்று குழுவை நடத்துகிறவனும் நானே. காவடிக்கு அடிக்கும்போது, கோயில் வாசல் கண்ணில் பட்டதும் வேகத்தை ஏற்றுவது எங்கள் வழக்கம். காவடிக்காரரின் முகத்தில் அருள் ஏற ஏற நாங்கள் ஏற்றுவோம், நாங்கள் ஏற்ற ஏற்றக் கூட்டம் விசிலடிக்கும். பாட்டின் கடைசிச் சரணத்தில் கிட்டார்காரனின் முகம் மாறுகிறபோது என் கைக்கு அது கோயில் வாசலாகத் தெரிந்திருக்கிறது. ரோக் டிரம்மர் யாரும் இந்தத் தவற்றை இப்படிச் செய்திருக்க மாட்டார். தவறுதான், ஆனால் எங்கள் ஊர்த் தவறு.

உறுமியில் இன்னொரு வழக்கமும் உண்டு. முன்னணி உறுமிக்காரன் காவடியைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பான், அவன் கண் காவடிக்காரரின் காலில் இருக்க வேண்டும். பாதம் எப்படி விழுகிறது என்று பார்த்து அடி வைக்க வேண்டும். குழுவில் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சொல்லப்படுவது இது. ஆனால் கூட்டம், விசில், கைப்பேசிக் கேமராக்கள் எல்லாம் வந்த பிறகு நாங்கள் எப்போதோ காலை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தோம். முகம்தான் வீடியோவில் நன்றாக இருக்கும்.

அந்த மாசி மகத்துக்குக் காவடி எடுத்தவன் கிட்டார்காரன். அவன் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்து நல்லபடியாகத் தேறியதற்கான வேண்டுதல். டிரம்ஸ் விஷயம் தொங்கலில் இருந்தாலும், உறுமிக்கு எங்கள் குழுவைத்தான் அழைத்தான், அதில் அவன் இரண்டாவது யோசனையே செய்யவில்லை. காலை ஒன்பது மணிக்கே தார் சுட ஆரம்பித்துவிட்டது. மயிலிறகு வைத்த காவடி அவன் தோளில் ஏறியதும் நாங்கள் ஏழு பேரும் அடிக்கத் தொடங்கினோம்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே ஆடி வந்தான். குன்றுக் கோயிலுக்கு முந்தைய வளைவில் கூட்டம் நெருக்கியது. எங்களுக்குப் பின்னால் வந்த வேறொரு குழு வேகத்தை ஏற்றிவிட்டது, அவர்களுக்கு விசில் பறந்தது. எங்கள் தவில்காரன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கிட்டார்காரனின் முகம் வானத்தைப் பார்த்துச் சிவந்திருந்தது, ஏற்று ஏற்று என்று கேட்கிற முகம். நான் கண்ணைக் கீழே இறக்கினேன்.

அவன் வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. குதிகால் தரையில் இழுபட்டது. முகம் பறந்துகொண்டிருந்தது, கால் எப்போதோ களைத்துவிட்டிருந்தது.

நான் ஏற்றவில்லை. அதே நடையில், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அடித்தேன். தவில்காரன் பொறுக்க முடியாமல் கிட்டே வந்து காதில் கத்தினான்: "என்னாணே, சாவு வீட்டுக்கா அடிக்கிறோம்? ஏத்துங்கண்ணே, எல்லாரும் அவங்களப் பாக்குறாங்க." தலையை ஆட்டி மறுத்தேன். கூட்டத்தில் பாதி உண்மையாகவே அந்தக் குழுவின் பக்கம் போய்விட்டது. வளைவு முழுக்க, குன்றின் அடிவாரம் வரை, பிறகு ஒவ்வொரு படிக்கும் ஒரு அடியாக, அவன் பாதம் எங்கே விழுந்ததோ அங்கே என் குச்சி விழுந்தது. பத்துப் படி ஏறியதும் குதிகால் நிமிர்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குதிகால் நிமிர்ந்த நொடியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தோள் கொஞ்சம் உயர்கிறது.

காவடி இறக்கி, பால் அபிஷேகம் முடிந்து, பந்தலில் உட்கார்ந்து இனிப்புச் சிராப் தண்ணீர் குடித்தோம். கிட்டார்காரன் பாதத்தை நீட்டி ஊதிக்கொண்டிருந்தான்.

"அந்த வளைவுல நீ ஏத்துவன்னு பயந்துட்டேன் மச்சான்," என்றான். "ஏத்தியிருந்தா நான் ஆடியிருப்பேன். நிறுத்தத் தெரிஞ்சிருக்காது. விழுந்திருப்பேன்."

"மூஞ்சி ஏத்துன்னு கேட்டுச்சு."

"மூஞ்சி என்னா, அது கேக்கும்." கிளாஸைக் கீழே வைத்தான். "இதுக்காக நான் பேர எழுதிடுவேன்னு நெனைக்காத. கோயில் வேற, பேண்ட் வேற. இன்னொரு தடவ ரெக்கார்ட் பண்ணுவோம்."

அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காவடிக்காக இரக்கப்பட்டு நாற்காலியைக் கொடுத்திருந்தால், அதில் என்னால் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோவில் ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். டிரம்ஸை அரை அடி திருப்பிப் போட்டேன். என் இடத்திலிருந்து பார்த்தால் சிம்பல் தட்டு மறைப்பதால் கிட்டார்காரனின் முகம் தெரியாது, சட்டையும் காலும்தான் தெரியும். பாடும்போது அவன் இடது காலால் தாளம் தட்டுவான் என்பதை நான்கு வருடமாக அவனோடு வாசித்தும் நான் கவனித்ததில்லை. கடைசிச் சரணத்தில் அவன் குரல் கூரையைத் தொட்டது. கால் மாறவே இல்லை. நானும் மாறவில்லை.

மறு ஞாயிறு, அதே கடை, அதே நேரம். சித்தி மகனும் வந்திருந்தான். அத்தா மாவை வீசிக்கொண்டிருந்தார். பேஸ்காரன் பாட்டைப் போட்டான். நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கடைசிச் சரணம் வந்தது, ஒன்று விரிந்து, மடிந்து, கல்லில் சரியாக உட்கார்ந்தது. பாட்டு முடிந்தது.

அத்தா நிமிர்ந்து பார்த்தார். "என்னாப்பா உக்காந்துகிட்டே இருக்கீங்க? எப்பப் போடப் போறீங்க?"

பேஸ்காரன் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். நாங்கள் பாட்டைப் போட்டதையே அவர் கவனிக்கவில்லை. அதற்குள் பதினொரு ரொட்டி போட்டிருந்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரியது எதுவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சித்தி மகன்தான் முதலில் கை நீட்டினான். "ப்ரோ, நான் இந்த மாதிரி வாசிக்கணும்னா காதுல அந்த டிக் டிக் கிளிக் வேணும். உங்களுக்கு அவன் காலு போதும்." கிட்டார்காரன் என் பையைத் திறந்து, பாரத்தை எடுத்தான். ஐந்து வாரமாகக் காலியாக இருந்த கட்டத்தில் என் பெயரை அவன் கையாலேயே எழுதினான். என் வீட்டிலும் வெளியிலும் எத்தனையோ பாரங்களில் எத்தனையோ பேருடைய பெயர்களை நான் எழுதியிருக்கிறேன். என் பெயரை இன்னொருவர் எழுதி நான் பக்கத்தில் நின்று பார்த்தது அதுதான் முதல் முறை.

விவாதம் அதோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். கிட்டார்காரன் இன்னும் வேகத்தின் கட்சிதான், வாரம் ஒரு வீடியோவாவது அனுப்புகிறான். ஒரு பாட்டுக்குச் சித்தி மகனின் இரட்டைப் பெடல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று இப்போது நானே சொல்லி, அதை அவனிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். அதற்கும் ஒரு நோட்டு இருக்கிறது.

சித்திரை நிகழ்ச்சிக்கு அப்பாவும் அம்மாவும் செலண்டாரிலிருந்து மோட்டார் சைக்கிளிலேயே அலோர் காஜாவுக்கு வந்துவிட்டார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இரண்டாவது பாட்டில் ஒரு குச்சி கையிலிருந்து நழுவி ஓடியது, பக்கத்தில் வைத்திருந்த வேறொன்றை எடுத்துக்கொண்டேன். நிற்கவில்லை. மூன்றாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் மண்டபமே எழுந்து நின்று கத்தியது. நான் குனிந்து ஒரு இடது காலைப் பார்த்துக்கொண்டு, கடைசி வரிக்கு முன்னால் ஒரு அடியை விட்டேன். அந்த இடைவெளியில் அவன் மூச்செடுப்பது ஒலிவாங்கியில் கேட்டது.

இறங்கி வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா முந்தானையால் என் கழுத்தைத் துடைக்க வந்தார். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார், முப்பது வருடமாகக் குலை வெட்டுகிற மனுஷர் இன்னொரு வேலைக்காரனைப் பார்க்கிற பார்வை அது.

"உக்காந்து அடிச்சும் இப்படி வேர்க்குதாய்யா?" என்றார்.

"ஆமாப்பா."

"அப்ப வேலதான்," என்று சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது தன் மகன் என்று சொல்லத் தொடங்கினார்.